சுவருக்கு வெளியே

நாகர்கோவிலில் மகன் வீட்டு ஜன்னல் இடுக்கில் ஆடிக் காற்று ஊதும்போதெல்லாம் எனக்கு எங்கள் கடற்கரையின் ஈர மணல் வாடை வந்துவிடும். மகாராஜா காலம் அது. எனக்கு ஒன்பது வயது. தம்பி செத்தே பிறந்தான். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார்கள். சுவருக்கு வெளியே, கடல் பக்கத்து மணலில் அப்பா அவனைப் புதைத்தார்.

அந்த ஆடியில் மேலக்காற்று எட்டு நாள் ஓயவில்லை. மழையே இல்லை, காற்று தள்ளித் தள்ளியே கடல் கரையேறி நின்றது. வற்றும் நேரத்திலும் தண்ணீர் இறங்கவில்லை. எங்கள் கிணறு உப்புக் கரித்தது.

"பிள்ளைய எடுத்து மேட்டுல வச்சிருவோம், வாருங்க" என்றாள் அம்மா.

"பொதச்ச பிள்ளையத் தோண்டச் சொல்லுதியா, ஏட்டி? காத்து விழட்டும். கடல் தானா எறங்கும்."

"விழலன்னா?"

அப்பா வலையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் விடிந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மண்வெட்டியோடு போனாள். சுவரின் அடியிலேயே அலை மோதியது. அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மண்வெட்டியால் துழாவினாள். அப்பா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"ஏறி வா ஏட்டி, ஒன்னையும் கொண்டுபோயிரும்."

"என்னத் தொடாதீங்க."

அதற்கு மூன்றாம் நாள் காற்று விழுந்தது. அப்பா சொன்னபடியே கடல் இறங்கியது. சுவருக்கு வெளியே மணலெல்லாம் அரித்துப்போய் வெறும் பாறைதான் கிடந்தது.

சாகும்வரை அம்மா அப்பாவின் மீனைக் கருங்கல் ஊர்ச் சந்தைக்குச் சுமந்தாள். எங்களுக்குக் குழம்பும் வைத்தாள். தான் ஒரு துண்டும் தின்னவில்லை. ஏனென்று அப்பா ஒருநாளும் கேட்கவில்லை.