ஒரே சஹன், ஆறு தலை

"உம்மா மவுத்தாயிட்டாங்க, சேர்" என்று பரீதாவின் மகள் தொலைபேசியில் சொன்னபோது சிலாபம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். மீனைப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள்.

பரீதாவோடு வேலை செய்தவர்களுக்கு அவரது வாய் தெரியும். யுத்த காலத்தில் புத்தளத்தில் ஒரே சுற்றாடல் காரியாலயத்தில் இருந்தோம். மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். களப்புக் கரையிலிருந்த அகதி முகாமிலிருந்துதான் தினமும் வேலைக்கு வருவார். பூமியைச் சூடாக்கும் புகைகளைக் குறிக்கும் பச்சைவீட்டு வாயு என்ற சொல் அப்போதுதான் எங்கள் சுற்றறிக்கைகளில் தலைகாட்டியது. "எங்கட ஓலை வீடே ஒழுகுது. இதுல பச்சை வீடாம்!" என்று சிரித்தார்.

பிரதேசத்தில் யார் எவ்வளவு எரிக்கிறார்கள் என்று மேலிடம் அறிக்கை கேட்டது. என் வீட்டில் தலைக்குப் போகும் விறகை முகாமின் தலைகளால் பெருக்கினேன். புகைக்கெல்லாம் முகாம்தான் காரணம் என்று விடை வந்தது. மேலதிகாரிக்குப் பரம சந்தோஷம். முகாம் சனம் களப்போரக் கண்டல் காட்டில் விறகு பொறுக்கக் கூடாது என்று கடிதமும் தயாரானது. என் கையெழுத்து மட்டுமே மிச்சம். அந்தக் கடிதம் போனால் முகாமில் அடுப்பு எரியாது.

பரீதா கடிதத்தை வாசித்தார். கோபிக்கவில்லை. "பகல் சாப்பாட்டுக்கு எங்கட இடத்துக்கு வாங்க, சேர்" என்றார்.

போனேன். ஆறு குடும்பத்துக்கு ஒரே அடுப்பு, ஒரே பானை. சஹன் என்ற பெரிய தட்டை நடுவில் வைத்து, அவரது வாப்பாவும் இன்னும் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆறாவதாக எனக்கும் இடம் விட்டார்கள்.

"இந்த ஒரு நெருப்ப நீங்க ஆறு வீட்டு அடுப்பா எழுதியிருக்கீங்க" என்றார் பரீதா. "இந்தக் கரையில இறால் பண்ணை வச்சிருக்கிற முதலாளி வீட்டுல நாலு தலைதான். அந்த ஜெனரேட்டரையும் ரெண்டு ஜீப்பையும் எந்தத் தலையில எழுதினீங்க?"

எனக்குச் சரியான வெட்கமாக இருந்தது.

"சனம் கூடினா புகையும் கூடும்தான். நான் பொய் சொல்ல மாட்டன். வசதி கூடினா எவ்வளவு கூடும் எண்டதையும் எழுதுங்க."

அறிக்கையை அப்படியே திருத்தி எழுதினேன். "முதலாளிட ஜீப்பை ஆர் உங்களை எழுதச் சொன்னது?" என்று மேலதிகாரி கத்தினார். கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். ஒரு மாதத்தில் எனக்கு இடமாற்றம் வந்தது. திருத்திய அறிக்கை கோப்பில் கிடந்ததால் எனக்குப் பின் வந்தவரும் கையெழுத்திடத் துணியவில்லை; கடிதம் போகவில்லை. அடுப்பு எரிந்தது.

உத்தியோகத்தில் ஆயிரம் தாள்களில் கையெழுத்திட்டிருக்கிறேன். ஒன்றுகூட நினைவில் இல்லை. பரீதாவால் நான் போடாமல் விட்ட அந்த ஒரு கையெழுத்துதான், நானும் ஒரு மனிதனாக வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருக்கிறது.