மூன்று மணி வெயிலில் நட்சத்திரங்கள்

எங்கள் பென்சன்காரர் படிப்பு வட்டத்தைப் பற்றி இப்போது மேடைகளில் புகழ்ந்து பேசுகிறார்கள். ஆணும் பெண்ணும் சமமாக இருந்து படித்த இடமாம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தச் சமத்துவத்தை நான் நேரில் கண்டவள்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருடங்களில் ஓய்வுபெற்றவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய வட்டம் அது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் வாசிகசாலை மண்டபத்தில் கூடுவோம். யாருக்கு எது தெரியுமோ அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வேலைபார்த்தவர் பிரஷரைப் பற்றிச் சொன்னார். தலைவர் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பெரிய கிளாக்கராக இருந்தவர். அவர் தன்னைப் பற்றிச் சொன்னார்.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். நான் சேர்ந்தது ஒன்றுக்காகத்தான். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய ஒருவர் நட்சத்திரங்களைப் பற்றிப் படிப்பிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். இருட்டுப்பட முன்னம் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று என்னை வளர்த்தார்கள். கலியாணத்துக்குப் பிறகு அந்த நேரமெல்லாம் குசினியில் சமையலுக்குப் போனது. கணவர் காலமாகி, பிள்ளைகளும் தங்கள் பாட்டில் போன பிறகுதான், பொழுதுபட்டால் என்னைத் தேட ஆளில்லாத காலம் வந்தது. தலைக்கு மேலே இருப்பதை ஒரு தடவை ஆறுதலாகப் பார்க்க ஆசைப்பட்டேன்.

வகுப்பு இரவு ஏழு மணிக்குக் கடற்கரையில் என்று முடிவானதும் தலைவர் எழும்பினார்.

“பொம்பிளையளுக்கு அது சரிவராது. சனம் கதைக்கும்.”

“எனக்கு அறுபது வயசு. என்னைப் பற்றிச் சனம் என்னத்தைக் கதைக்கப்போகுது?”

“ரீச்சர், உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறம்.”

ஆண்கள் எல்லாரும் தலைவர் சொன்னதற்குக் கை உயர்த்தினார்கள். படகுக்காரரும் உயர்த்தினார்.

எங்களுக்கென்று தனி ஏற்பாடு செய்தார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு, மண்டபத்தில், கரும்பலகையில். வெளியே வெயில் கொளுத்தியது. படகுக்காரர் சோக்கால் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார்.

“இதை எங்க பாக்கிறது?” என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “அது ராவிலதான் பாக்கலாம், ரீச்சர்.”

அடுத்த கிழமை இரவு நானாகவே கடற்கரைக்குப் போனேன். கதிரைகளை வட்டமாகப் போட்டு இருந்தார்கள். என்னைக் கண்டதும் தலைவர் எழும்பித் தன் கதிரையைத் தந்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு அண்ணாந்து பார்த்துவிட்டு, “இண்டைக்கு மப்பாக் கிடக்கு. வகுப்பை நிப்பாட்டுவம்” என்றார்.

ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ஆனாலும் எல்லாரும் எழும்பிக் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

“வாங்கோ ரீச்சர், கொண்டுபோய் விடுறம்.”

அத்தனை பேரும் என்னை நடுவில் விட்டு, சாமி ஊர்வலம்போல என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். படகுக்காரர் என் பக்கத்தில் வந்தார். ரோர்ச் லைற்றை என் காலடியில் பிடித்தபடி, “றோட்டுச் சரியில்லை. கீழ பாத்து நடவுங்கோ” என்றார்.

வீட்டு வாசல் படலை வரைக்கும் நான் கீழே பார்த்துத்தான் நடந்தேன்.