டாக்டர் வீட்டு சீலிங்கில் ஒரு காதல் கதை

சீலிங்கில் படம் வரைகிறவனுக்கு முதலில் கழுத்து போகும், அப்புறம் பெயர் போகும். என் பெயரை முதலில் விழுங்கியவர் வெஸ்ட் வின்ட்சர் டாக்டர் மூர்த்தி. உங்கள் தொழிலிலும் ஒரு மூர்த்தி இருப்பார், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கதை

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஊரில் கோயில் சுவர்களில் வரைந்துகொண்டிருந்தேன். ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா வந்த மகன் என்னையும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக் கூட்டிவந்தான். அவன் மூலமாகத்தான் டாக்டர் பழக்கம். இத்தாலிக்கு டூர் போய்வந்தவர், ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் அரண்மனையின் படப் புத்தகத்தைக் காட்டினார். சீலிங் முழுக்க அந்த ஊர்த் தேவர்களின் காதல். அதில் ஒன்று தன் புது வீட்டுச் சாப்பாட்டு அறைக்கு வேண்டும் என்றார்.

நம் மன்மதன் மாதிரி ஒருவன், ஆனால் இறக்கை உண்டு. இருட்டில் மட்டும் மனைவியிடம் வருவான். அவள் அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. ஒருநாள் அவன் தூங்கும்போது விளக்கைப் பிடித்துப் பார்த்துவிடுகிறாள். அதுதான் படம். அப்புறம் அவள் கதி என்ன என்று கேட்டேன்.

"கதை நமக்கு எதுக்கு பெரியவரே, கலர் மேட்ச் ஆனா போதும்" என்றார் டாக்டர்.

வேட்டி

சாரத்தில் மல்லாந்து படுத்து மூன்று வாரம் வேலை. புத்தகத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்தே ஒரு முழத் துணிதான். டாக்டரின் மனைவி பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குப் புடவை கட்டச் சொன்னார். அரக்கு பார்டர் வைத்துக் கட்டினேன். மறுநாளும் வந்து அண்ணாந்து நின்றார்.

"அவருக்கும் ஒரு வேட்டி கட்டிடுங்க அங்கிள், ஊர்லேருந்து வர்ற என் மாமியார் ஆறு மாசம் இதுக்குக் கீழதான் சாப்பிடணும்."

கண்

எங்கள் தொழிலில் கண்ணைக் கடைசியில்தான் திறப்போம், வீட்டுக்காரர் குளித்து விளக்கேற்றி நிற்கும்போது. கிரகப்பிரவேசத்தன்று காலையில், வீட்டார் மட்டும் இருக்க, ஐயர் சொன்ன நேரத்துக்கு ஏணியில் ஏறி அந்தப் பெண்ணின் கண்களைத் திறந்தேன். டாக்டரின் அம்மா என்னை இறங்கவிடவில்லை. பையன் கண் ஏன் மூடியிருக்கிறது என்றார். தூங்குகிறான், கதையே அதுதான் என்றேன். நல்ல நாளில் வீட்டு ஆம்பளை தூங்கினால் விளங்காது, எழுப்பு என்றார்.

நான் டாக்டரைப் பார்த்தேன், டாக்டர் அம்மாவைப் பார்த்தார். ஐந்நூறு வருஷமாகத் தூங்கியவனை எழுப்பினேன்.

அந்த அம்மா திருப்தியாகச் சொன்னார்: "இப்பதான் புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்காங்க."

ஃபோட்டோ

மத்தியானம் வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்தபடியே சாப்பிட்டார்கள். சன்னிவேலிலிருந்து வந்த நண்பர் ஒருவர், தன் வீட்டுக்கும் இதே மாதிரி வேண்டும், யார் வரைந்தது என்று டாக்டரைக் கேட்டார். பாயசக் கப்போடு நான் பக்கத்திலேயே நின்றேன். மூன்று வாரமாக அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ரோமிலிருந்து ஒரு ஆர்ட்டிஸ்ட்டை வரவழைத்ததாகவும் அவர் நேற்றே திரும்பிவிட்டதாகவும் டாக்டர் சொன்னார்.

சபையில் சண்டை வேண்டாம் என்று மகன் என் கையை அழுத்தினான். நகத்தில் அப்போதும் நீல பெயிண்ட் இருந்தது. நண்பர் கேமராவை எடுத்தார். டாக்டர் படத்துக்குக் கீழே வந்து நின்று என் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, கொஞ்சம் நகர்ந்துக்கங்க, ஃபோட்டோல விழறீங்க."

வரைந்தது நான்தான் என்று அவர் ஒரே ஒருத்தரிடம் சொன்னால்கூடப் போதும், மன்னித்துவிடுவேன். ஆனால் இந்த மூன்று வருஷத்தில், சீலிங்கில் ஈரம் இறங்கி நிறம் போகும்போது மட்டும்தான் அவருக்கு என் பெயர் ஞாபகம் வருகிறது.