மண்ணில்லாத் தக்காளியும் நான்கு எலுமிச்சம்பழமும்

நட்டுப் பதினோராம் நாள் தக்காளிக் குருத்தெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி அது. மலாயாவில், புலாவ் செபாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். முதலில் ஸ்டோரில், அதாவது பாலை உறையவைத்து ஷீட் போடும் கட்டடத்தில், தண்ணீர் வடிகட்டும் வேலை. பிறகு ஸ்மோக் ஹவுஸ். ஷீட்டுக்குப் புகை போட்டுப் போட்டு என் கண் இரண்டும் எந்நேரமும் எரியும்.

அப்போதுதான் எங்கள் துரைக்குக் கப்பலில் ஒரு புத்தகம் வந்தது. மண்ணே வேண்டாம், உர உப்புகள் கரைத்த தண்ணீரிலேயே செடி வளருமாம். கூடவே பொட்டலம் பொட்டலமாக வந்த உப்பைக் கரைப்பது என் வேலை. தார் பூசிய மரத்தொட்டி செய்தோம். மேலே மூங்கில் தட்டி, அதில் தேங்காய் நார், நாரில் செடி. வேர் மட்டும் கீழே தண்ணீரில் தொங்கும்.

"சவரிமுத்து, இது நல்லா வந்தா நீ லேபுக்கு வா. செத்துப் போனா பழைய வேலைதான்," என்றார் துரை. லேப் என்றால் ஜன்னல் வைத்த அறை. புகை கிடையாது. எனக்கு அதைவிட வேறு சொர்க்கம் தேவைப்படவில்லை.

அந்தச் செடிதான் மஞ்சளாகி நின்றது. ஷீட் தரம் பிரிக்கும் செல்லாயி அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"போற வர்ற சனமெல்லாம் தண்ணியில செடி, தண்ணியில செடின்னு வாயப் பொளக்குது. கண்ணு படாம என்ன பண்ணும்?"

"அக்கா, இது சயன்ஸ்."

"இருக்கட்டும்லா. சயன்ஸுக்குக் கண்ணு படாதா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. துருப்பிடித்த ஆணி குத்திய நான்கு எலுமிச்சம்பழங்களைக் கொண்டுவந்தாள். கடைக்காரர்கள் தம்ளர் தண்ணீரில் மிதக்கவிடுவார்களே, அதுபோல மூலைக்கு ஒன்றாகத் தொட்டிக்குள் போட்டாள். நான் ஞாயிறு பூசை தவறாதவன். சிரிப்பு வந்தது. ஆனாலும் ஆபத்துக்குப் பாவமில்லை என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பது நாளில் புதுத் துளிர் பச்சைப் பசேலென்று வந்தது! நான் தொட்டியைச் சுற்றி ஒரு ஆட்டமே ஆடினேன். துரையும் ஓடிவந்தார், தட்டியைத் தூக்கினார், பழத்தைப் பார்த்தார்.

"என்னா இது? யார் போட்டான்?"

"நான்தான் தொரே," என்றாள் அக்கா, கொஞ்சமும் அசராமல்.

துரை ஒரு பழத்தைப் பிளந்தார். ஆணியைச் சுற்றிச் சதை கறுத்துக் கிடந்தது. புத்தகத்தைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சவரிமுத்து, இரும்பு உப்புப் பொட்டலம் போட்டியா? பச்சை கலர்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே பச்சையாக எதுவும் இல்லை. உப்பு ஈரம் பட்டுத் துருவாகப் பழுத்திருந்தது. ஸ்டோரில் தண்ணீரில் துரு தெரிந்தால் ஷீட் கறுக்கும், எங்களை மேய்க்கும் மண்டோர் தோலை உரிப்பார். துரு என்றாலே என் கை தானாக வீசிவிடும். அதையும் கால்வாயில் வீசிவிட்டேன்.

போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். செடிதான் பிழைத்துவிட்டதே. நாக்கு நுனிவரை வந்தது. லேப் ஜன்னலும் கண்முன் வந்தது.

"இல்ல தொரே. துருன்னு நெனச்சித் தூக்கிப் போட்டுட்டேன்."

துரை முகம் சிவந்தது. போச்சு என்று நினைத்தேன். ஆனால் மனிதர், செடிக் கணக்கு எழுதிவந்த நோட்டுப் புத்தகத்தைத் தட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீ பொய் சொன்னா இந்த புக் முழுக்கப் பொய் ஆவும்! இரும்பு இல்லே, செடி மஞ்சள். புளிப்புலே ஆணி கரைஞ்சி இரும்பு வந்திச்சி, செடி பச்சை. இதான் வேணும். நாளைக்கு லேபுக்கு வா."

புது உப்பு வரும்வரை வாரம் நான்கு பழம் அக்காவே போட்டாள். முதல் தக்காளியையும் அவளுக்கே கொடுத்தோம். கடித்துப் பார்த்து, "ரசத்துக்குப் புளிப்புப் பத்தாது," என்றாள். தோட்டமே சிரித்தது.

அன்றிலிருந்து லேபுக்கு வேலை பழக வரும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். செடி செத்தால் சாகட்டும், வேறு நடலாம். செய்ததைச் செய்தபடி எழுது. செய்யாததைச் செய்யவில்லை என்று எழுது.