நாயனத்தின் உட்புறம்

தாம்பரம் லேத் பட்டறையில் நாயனத்துக்கு வெளிப்புறம் கடைவது என் வேலை. உள்ளே துளை போடுவது எனக்குப் பின்னால் சேர்ந்தவன். ஊர் ஊராக அலைந்த எனக்கு, அந்தத் துளை வேலை கிடைத்தால் அங்கேயே தங்கிவிடலாம் என்றிருந்தது. ஒருநாள் வாங்க வந்த நாயனக்காரர், நான் மெருகேற்றிய நாயனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

"துளை போட்டது யாருப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் முதலாளியிடம் பேசப் போனதும் நாயனத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன். ஒரு கீறல் தெரிந்தாலும் முதலாளியிடம் காட்டலாம்.

"இன்னா மச்சான், உள்ள எதுனா கீதா?" என்றான் துளை போட்டவன்.

வழவழவென்று வெளிச்சம்தான் இருந்தது.

"தூசு கீது," என்று ஊதிவிட்டு அவனிடம் கொடுத்தேன்.