கோட்டுக்கு மேலே ஒரு வீடு

என் நாத்தனார் ஆல்வினாவைச் சர்ச் சமையலறைக்குள் விடவே எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பயம். லெஃப்சே ரொட்டி காய்ந்துபோயிருந்தால், சுட்டவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வடக்கு டகோட்டாவின் இந்த மூலையில் முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். எப்பேர்ப்பட்ட பனிப்புயலிலும் ஒரு பிள்ளையை வழியில் தவறவிட்டதில்லை. இறங்கிய பிள்ளை வீட்டுக் கதவுக்குள் போகும் வரை வண்டியை எடுக்கமாட்டார். பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்தால் கண்ணாடியை இறக்கி, "உன் வீட்டுப் புள்ளைன்னா இப்படி அடிப்பியாடா?" என்று ஒரு பிடி பிடிப்பார்.

அப்படிப்பட்டவருக்கு மனசுக்குள் ஒரு பிள்ளை இருந்தது. உயிரோடு இல்லாத பிள்ளை. அவருடைய அப்பா ஓஸ்முன்ட்டின் முதல் குழந்தை, நிலம் பட்டா ஆவதற்கு முன்பே, கைக்குழந்தையாகவே போய்விட்டது, பழைய வீட்டுக்குப் பின்னால் புதைத்திருக்கிறது என்பது அந்தக் குடும்பத்துப் பேச்சு. அப்பாவின் தங்கை கூரினே அத்தை சாகக் கிடந்தபோது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது ஆல்வினாதான். "வீட்டுக்குப் பின்னால சின்னவன் இருக்கான். அவனைத் தனியா விட்டுடாத" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் அத்தை கண்ணை மூடினாராம்.

அதற்கு வெகு காலம் முன்பிருந்தே, மே மாதக் கடைசியில் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளில், சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே பழைய வீட்டுக்கு வருவார். யாரும் குடியில்லாத வீடு. பின்புறம் புல்தரையில் ஒரு டப்பா லைலாக் பூ வைப்பார். ஒரு கல்கூட இல்லாத இடம், ஒரு குத்துமதிப்பாகத்தான். அத்தை இருந்த காலத்தில் அத்தையும் கூட வருவார். ஆனால் பூ வைக்கிற இடத்துக்கு வரவே மாட்டார். முட்டி வலிக்கிறது என்று வேலியோரமே நின்று, மேற்கே தன் நிலத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "அத்தை எலி வளை எண்ணுறாங்க" என்று அப்போது என் வீட்டுக்காரர் ஓர்வின் கிண்டல் அடிப்பார். நாங்களும் சிரித்திருக்கிறோம்.

தொண்ணூற்று நான்கில் எங்கள் சர்ச்சுக்குத் தொண்ணூறு வயது. ஒவ்வொரு குடும்பமும் தன் வரலாற்றை ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றார்கள். ஆல்வினா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். குடியிருந்து உழுபவர்களுக்கு இலவசமாகத் தரும் ஹோம்ஸ்டெட் நிலத்தை அரசாங்கம் அப்பாவுக்குக் கொடுத்தபோது எழுதிய காகிதங்கள் வாஷிங்டனில் இருக்குமென்று கேள்விப்பட்டு, எழுதிப் போட்டார்.

"அப்பாவுக்கு இன்னொரு கல்யாணம் பேசப் போறியாக்கா? எதுக்கு இந்த விசாரணை?" என்றார் ஓர்வின்.

"அந்தச் சின்னவன் பேராவது கிடைக்கும்டா. பேர் இல்லாம எத்தனை நாளைக்குப் பூ வைக்கிறது?"

ஓர்வினுக்கு அப்போது வேறு கவலை. மேற்கே அத்தையின் நிலம் வெறும் கல்லும் புல்லும். அத்தைக்கு அண்ணனான என் மாமனார் வழியாக அது எங்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. அடியில் நல்ல சரளை இருக்கிறதென்று முந்தைய இலையுதிர் காலத்தில் வெட்ட விட்டிருந்தார். ஆல்வினா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. பிள்ளை இருப்பது அப்பா நிலத்தில்தானே.

அப்பாவின் காகிதங்கள் வந்த அன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் படித்தார். நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். நிலம் கேட்பவர் அங்கேயே குடியிருந்தாரா, என்ன விதைத்தார், குடும்பத்தில் யார் யார் என்று அரசாங்கம் குடைந்து குடைந்து கேட்டிருக்கிறது. அண்டை வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து சத்தியம் வேறு செய்யவேண்டும்.

"டெலோரிஸ், இங்க வாடி. இதைப் படி."

குடும்பம் என்ற இடத்தில், 'தனி ஆள், மணமாகவில்லை' என்று இருந்தது. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.

"கல்யாணமே ஆகலையே. அப்போ முதல் புள்ள யாரோடது?" என்றார் ஆல்வினா.

அடுத்த பக்கத்தில் வீட்டைப் பற்றி எழுதியிருந்தது. அவரவர் தம் நிலத்தில்தான் இரவு படுக்கவேண்டும் என்பது சட்டம். இரண்டு வீடு கட்ட வசதி ஏது? அண்ணனும் தங்கையும் இரண்டு நிலத்துக்கும் நடுக்கோட்டின் மேலேயே ஒரே வீடாகக் கட்டிவிட்டார்கள். அண்ணன் கட்டில் கிழக்குப் பாதியில், தங்கை கட்டில் மேற்குப் பாதியில். அரசாங்கத்துக்குப் பொய்யும் சொல்லவில்லை, பலகையும் மிச்சம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பலர் செய்த வேலைதான் இது.

"கோட்டு மேலயா? நம்ம பழைய வீடு கோட்டுக்கு ரொம்பத் தள்ளி, ரோட்டோரமால்ல இருக்கு?" என்றேன் நான்.

"பட்டா கைக்கு வந்ததும் குதிரை பூட்டி, உருட்டுக்கட்டை மேல வீட்டையே இழுத்துட்டு வந்தோம்னு அப்பா பெருமையடிப்பாரு. மறந்தே போச்சுடி எனக்கு" என்றார் ஆல்வினா. "அப்போ வீட்டுக்குப் பின்னாலன்னா எந்த இடம்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். காபியைத் தொடவில்லை. அன்றே அத்தையின் காகிதங்களுக்கும் எழுதிப் போட்டார்.

அது ஆகஸ்டில் வந்தது. ஓர்வினும் இருந்தார். ஆல்வினா உரக்கப் படித்தார். கூரினே அத்தையின் வாய்மொழி அது. எங்கேயோ ஒரு குமாஸ்தா தட்டெழுதியது.

'குடும்பம்: நானும் ஓர் ஆண் குழந்தையும். பிரசவத்துக்காகக் குளிர்காலத்தில் மைனாட் நகரில் இருந்தேன், அதனால் நிலத்தில் இல்லை. குழந்தை மறு வசந்தத்தில் இறந்தது. என் நிலத்திலேயே, வீட்டுக்குப் பின்னால், நிலவறைக்கு அருகே புதைத்திருக்கிறேன்.'

பேர் இல்லை. கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

ஓர்வின்தான் வாயைத் திறந்தார். "கல்யாணமே ஆகாத அத்தைக்கா? தகப்பன் யாராம்?"

"கவர்ன்மென்ட்டே கேக்கலடா. நீ யாருடா கேக்க?" என்று ஆல்வினா மேசையில் ஓங்கி அறைந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சர்ச்சுல அப்பவே கல்லறைத் தோட்டம் இருந்துச்சேடி. ஏன் நிலத்துல புதைச்சாங்க? சேத்துக்கல. நம்ம சர்ச்சு அந்தப் புள்ளையச் சேத்துக்கல. நான் வருஷா வருஷம் தப்பான இடத்துல பூ வச்சிட்டிருந்தேன். அத்தை அதைப் பாத்துக்கிட்டு வேலியோரமா நின்னாங்க."

எனக்கு அழுகை பொங்கியது. எலி வளை எண்ணுகிறார் என்று சிரித்தோமே.

ஆல்வினா சட்டென்று எழுந்தார். "மேற்கு நிலம். டேய், குழி எதுவரைக்கும் வந்திருக்கு? எழுந்திரு, வண்டியை எடு. இப்பவே நிறுத்தணும்."

ஓர்வின் எழுந்திருக்கவில்லை.

"நிலவறைன்னா... ஒரு பள்ளம் மாதிரியா?" என்றார் மெதுவாக. "ஒரு லைலாக் புதரு இருக்குமே, அதுக்குப் பக்கத்துலயா?"

"புல்வெளி நடுவுல லைலாக் தானா முளைக்குமாடா? யாராச்சும் நட்டாத்தானே? எங்க இருக்கு அது?"

"பழைய குப்பைக்குழின்னு நெனச்சேன்கா. அங்கதான் முதல்ல ஆரம்பிச்சாங்க. போன அக்டோபர்லயே."

ஆல்வினா மறுபடி உட்கார்ந்தார். "அந்தச் சரளை எங்க போச்சு?" என்று கேட்டார்.

ஓர்வின் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். முதலில் வெட்டிய சரளை முழுவதையும் சர்ச்சுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தார். தொண்ணூறாம் ஆண்டு விழாவுக்கு வாசலும் வண்டி நிறுத்தும் இடமும் சேறாக இருக்கக்கூடாதென்று. சர்ச்சின் ஞாயிறு அறிக்கைத் தாளில் அவர் பெயர் போட்டு நன்றி சொன்னார்கள். அதை வெட்டி எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தேன். ஆல்வினா திரும்பியதும் கண்ணில் பட்டது அதுதான்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. காகிதங்களை அடுக்கி உறைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஓர்வின் போய் வெட்டுவதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தி என்ன பிரயோஜனம்? மறுநாள் ஓர்வினும் நானும் குழிக்குள் இறங்கி ஒரு நாள் முழுக்கத் தேடினோம். புதரின் வேர்கூடக் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆல்வினா தன் காரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டார். சரளையில் கால் வைக்காமல், சாலையோரப் பள்ளத்துப் புல்லோடு சுற்றி வந்து பக்கவாசல் வழியாகச் சர்ச்சுக்குள் போனார். எழுபத்திரண்டு வயதுக்காரர், நல்ல செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. "வண்டி ரிப்பேரா ஆல்வினா?" என்று சமையலறைப் பெண்கள் கேட்டார்கள்.

"இல்ல. வாசல்ல எங்க அத்தை புள்ள படுத்திருக்கான்" என்றார். எல்லாரும் கேட்கும்படிதான் சொன்னார். பொய் சொல்லத் தெரியாதே. ஒருத்தி காபிக் கோப்பைகளை மறுபடி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

விழா மலருக்கு அவர் எழுதிக் கொடுத்த பக்கத்திலும் அதையேதான் எழுதியிருந்தார். பாதிரியார் இரண்டு தடவை வந்து, கொஞ்சம் மாற்றி எழுதலாமே என்று தன்மையாகக் கேட்டார். "நீங்க புதுசா வந்தவரு, உங்க மேல தப்பில்ல. ஆனா ஒரு எழுத்து மாத்தமாட்டேன்" என்று காபி கொடுத்து அனுப்பினார். எழுதியபடியே அச்சானது.

ஓர்வின் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு அவர்தான் வண்டி ஓட்டினார். சர்ச் திருப்பம் வந்ததும் வண்டி மெதுவானது. திரும்பவில்லை. ஆல்வினாவின் காருக்குப் பின்னால் சாலையோரம் நின்றது.

"ஏங்க?" என்றேன்.

"இறங்கு" என்றார், என்னைப் பார்க்காமல். "புல்லு வழியா போகலாம்."

புல்லில் பனித்துளி இருந்தது. பக்கவாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் என் காலுறை இரண்டும் நனைந்துவிட்டன.