பேண்டேஜ் துணி

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் நெய்ததெல்லாம் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணிதான். எங்கோ இரண்டு நாடுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அதில் ஒரு நாட்டுக்கு எங்கள் துணி கப்பலேறியது. அந்தச் சண்டையை நம்பித்தான் அப்பா வாடகைக்குத் தறிகள் பிடித்தார், அம்மா மில்லில் நைட் ஷிப்டை விட்டாள், நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே ஆள் சாகச் சாக இங்கே உலை கொதித்தது. அதை யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு நம் நாடு எதிர்த்தரப்போடு ராணுவ ஒப்பந்தம் போட்டது. அவர்களுடைய ஏவுகணையெல்லாம் இனி நமக்கும் உண்டு என்று டிவியில் ஓயாமல் காட்டினார்கள். அப்பா தறிகளில் கொடி கட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப்போய்ப் பால்கோவா வாங்கிவந்து கொடுத்தார்.

எங்கள் துணியை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் பாய் பால்கோவாவைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"மாப்ள, நம்ம துணி போறது அவிய எதிரிக்குல்லா? இனி எடுப்பானா?"

"எடுக்காம எங்க போவான்? நாம குடுக்குற அடிக்குக் கட்டுப்போட அவனுக்குத் துணி வேணும்ல?"

அப்பா சொன்னதற்குத் தறி ஓட்டுகிறவர்கள் சிரித்தார்கள்.

"வெளையாட்டில்ல மாப்ள. செத்த யோசி."

"ஒமக்கு எந்த நாட்டு மேல பாசம்னு இப்பல்லா தெரியுது."

சிரிப்பு நின்றது. எங்கள் வீட்டில் உரிமையோடு சோறு கேட்டுச் சாப்பிடுகிறவர் அவர். பால்கோவாவைத் தறிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த நாடு நம் சரக்கைத் துறைமுகத்திலிருந்தே திருப்பி அனுப்பியது. பேல் பேலாகக் கட்டிய துணி கூரையை முட்டியது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. வேறு நாட்டில் துணி வாங்க ஆள் பிடித்துத் தரப் பாயால் முடிந்திருக்கும். அவர் வீட்டுப் படியேற அப்பாவுக்கு முகமில்லை. டிவியில் படை அணிவகுத்தால் மட்டும் அப்போதும் எழுந்து நின்றார்.

திருப்பூருக்குக் கிளம்பினோம். அதோடு என் படிப்பு முடிந்தது. அதற்கப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ மில்.

கிளம்பிய காலையில் பேல்களின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

"எம்மா, இம்புட்டுத் துணியும் வேண்டாம்னுட்டானே, இனி அங்க யாருக்கும் அடிபடாதா?"

"ஏட்டி, எறங்கு. பஸ் போயிரும்."

அவள் இல்லையென்று சொல்லவில்லை. சண்டை ஓய்ந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடமும் அதைச் சொன்னேன், அத்தனை சந்தோஷமாக.